எனக்கு மட்டும் அனுப்பிய கதைகள்

நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாற்றுச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ், நடத்தைச் சான்றிதழ் என்று நாள் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். பொழுது சாய்ந்து சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் புதுச்சத்திரத்தில் இறங்கும் வரைக்கும் இருக்கிற நேரம்தான் எனக்கென்று உள்ள நேரம். அந்த நேரத்தில் போனில் கதை எழுதுவேன். வாட்ஸ்ஆப்பில் எனக்கு நானே செய்தி அனுப்பிக்கொள்ளலாம் என்று பையன் எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தான். கரண்ட் பில் நம்பரைக் குறித்துவைக்கத்தான் சொல்லிக்கொடுத்தான். நான் அதில் கதைகளைப் போட்டு வைத்தேன். ஒரு பத்தி எழுதுவேன், அனுப்புவேன், அது என்னிடமே வந்து சேரும். படிக்க வேறு யாரும் இல்லை என்பதால் நிம்மதியாக இருந்தது.

ஒரு தடவை கை தவறி ஒரு பத்தி பள்ளிக்கூட ஊழியர்கள் குழுவுக்குப் போய்விட்டது. ஒரு பெண் தன் புருஷனின் சட்டையைத் துவைக்கும்போது என்ன நினைத்தாள் என்கிற பத்தி. பஸ் அப்போது பாலத்துமேல் போய்க்கொண்டிருந்தது. உடனே அழித்தேன். அழித்த பிறகும் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி அங்கேயே நின்றது. மறுநாள் தலைமையாசிரியை, "நேத்து என்னங்க அனுப்பி அழிச்சீங்க?" என்று கேட்டார். "லீவு லெட்டருங்க மேடம், அப்பறம் லீவு வேண்டாம்னு உட்டுட்டேனுங்க" என்றேன். ஒரு கதை எழுதுகிறேன் என்று சொல்வதைவிடப் பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

இந்தப் பயம் எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ஓமலூர்ப் பக்கம் பிறந்தவள் நான். சேலத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஆண்டு மலரில் ஒரு கதை எழுதினேன். பஸ்ஸில் தினமும் தனக்கு இடம் போட்டு வைக்கிற ஒரு பையனைப் பற்றி ஒரு பெண் நினைப்பதுதான் கதை. அப்படி யாரும் எனக்கு இடம் போட்டு வைத்ததில்லை. தினமும் நின்றுகொண்டே போய் வந்ததால்தான் அப்படி ஒருத்தன் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. மலரை ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தேன். பெரியப்பா வந்தவர் அதைப் புரட்டிப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "யாரு அந்தப் பையன்?" என்று கேட்டார். கதைதான் என்று சொன்னேன். "கதைன்னாலும் மனசுல இல்லாம வராதே" என்றார். அப்பா அந்த மலரை எடுத்து பீரோவுக்கு மேலே கோணிச் சாக்குக்கு அடியில் வைத்துவிட்டார். அந்த வருடமே ஜாதகத்தை எடுத்துவிட்டார்கள். நல்ல இடத்தில்தான் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுதினால் இப்படித்தான் ஆகும் என்பது மட்டும் எனக்குள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு பல வருடங்கள் மளிகைக்குக்கூடச் சீட்டு எழுதாமல் வாய்ச்சொல்லாகவே சொல்லி வாங்கினேன்.

வீட்டுக்காரருக்கு லாரி. கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுகிறார். வருவார், குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார், மறுபடி கிளம்புவார். பையன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நானும் மாமியாருமாக இருந்தோம். மாமனார் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

மாமியாருக்கும் எனக்கும் சண்டை கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நடமாடப் பழகியிருந்தோம். போன வருடம் மழை பெய்த ஒரு காலையில் அவர் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. சேலத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து கூட்டிவந்தோம். முன்னறையில் கட்டிலைப் போட்டோம். நான் பள்ளிக்கூடம் போகும்போது பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து பார்த்துக்கொள்வார். நான் வந்த பிறகு எல்லாம் என் கைதான். துடைப்பது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, முதுகு புண்ணாகாமல் பவுடர் போடுவது. முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனால் கை தானாக வேலை செய்யும், மனசு எங்கேயோ கிடக்கும். பஸ்ஸில் எழுதுவதும் நின்றுபோயிற்று. உட்கார்ந்த உடனே தலை சாய்ந்துவிடும்.

மாமியாருக்குப் படுத்த வாக்கில் டிவி தெரியவில்லை. குரல் மட்டும் கேட்கும். "யாரு பேசறாங்கன்னே தெரியல, எல்லாம் ஒரே மாதிரி அழுவறாளுக, நிறுத்து அதை" என்று சொல்லிவிட்டார். ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கஞ்சி ஆறுகிற வரைக்கும் என் பழைய கதை ஒன்றை நானே படித்துக்கொண்டிருந்தேன்.

"அதுல அப்படி என்னத்தப் பாத்துட்டே இருக்கற?"

"கதைங்க அத்தை."

"கதையா? சத்தமாத்தான் படியேன். நானும் கேக்கறேன்."

"யாரோ எழுதுனதுங்க. நல்லாருக்காதுங்க."

"நல்லாருக்குதா இல்லையான்னு கேட்டாத்தான தெரியும்."

வேறு வழியில்லாமல் படித்தேன். சீருடை தைக்கிற ஒரு பெண்ணைப் பற்றிய கதை அது. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வேகமாகப் படித்து முடித்துவிட்டுக் கஞ்சியைக் கையில் எடுத்தேன்.

"இவ என்ன, வெசனம் வந்தாப் போதும், சன்னலுக்குப் போயி நின்னுக்கறா?" என்றார் மாமியார். "வேலவெட்டி இல்லையா அவளுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். நிஜம்தான். என் கதைகளில் எல்லாப் பெண்களும் கவலை வந்தால் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு ஜன்னல்மேல் தென்னை மட்டை சாய்ந்து கிடக்கும், நான் ஒருநாளும் அதன் வழியாக எதையும் பார்த்ததில்லை. மறுநாள் பஸ்ஸில் தூங்காமல் உட்கார்ந்து எல்லா ஜன்னலையும் எடுத்தேன்.

அதற்குப் பிறகு சாயங்காலம் கஞ்சி நேரத்தில் கதை கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. பாதியில் தூங்கிவிடுவார். தூங்காத நாளில் ஏதாவது சொல்வார். "இது பரவால்ல" என்பார். "இது எனக்குப் புரியல" என்பார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. யாரோ எழுதியது என்றே நான் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த யாரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்ததால் தைரியமாக இருந்தது.

சோற்றுக் குண்டாவைப் பற்றி எழுதியிருந்த ஒரு கதையை மட்டும் படிப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

கல்யாணமான முதல் வருடத்தில் நடந்த விஷயம் அது. அப்போது பையன் வயிற்றில் இருந்தான். நாமக்கல் அரசு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்ச் சோதனை முடித்து, நல்ல வெயிலில் பஸ் இறங்கி நடந்து வந்தேன். பசி கண்ணை மறைத்தது. வாசலில் சோற்றுக் குண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமியார் மாட்டுக் கட்டுத்தறியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே, "சோறு இல்ல" என்றார். அவ்வளவுதான். நான் தண்ணீர் குடித்துவிட்டு, சாக்கில் இருந்த நிலக்கடலையை உரித்துத் தின்று படுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. அந்த வீட்டில் அவர் எனக்கு அப்புறம் போட்ட அத்தனை சோற்றிலும் அந்தக் குண்டா கவிழ்ந்தே இருந்தது. அதைத்தான் எழுதியிருந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பட்டினி போட்ட மாமியார் என்று, இருந்த கோபத்தையெல்லாம் கொட்டி எழுதியிருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்த நாள் ஒன்று. காலையிலிருந்து கோப்புகளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்துத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து அத்தைக்குத் துடைத்துத் துணி மாற்றிவிட்டு உட்கார்ந்தேன். "படி" என்றார். போனைத் திறந்தேன், கண்ணில் முதலில் பட்டதைப் படிக்க ஆரம்பித்தேன். என்ன படிக்கிறேன் என்றே கவனிக்கவில்லை. பஸ் இறங்கி வெயிலில் நடந்து வருகிற இடம் வந்தபோதுதான் தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். சார்ஜ் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார், அதற்கு ஒரு பதிலை யோசிக்க வேண்டும், வேறு கதை தேட வேண்டும். அவ்வளவு தெம்பு அன்றைக்கு என்னிடம் இல்லை. ஆனது ஆகட்டும் என்று கடைசி வரை படித்துவிட்டேன்.

அவர் தூங்கவில்லை.

"குண்டாவக் கழுவிக் கவுத்தி வெச்சிருந்தா. அப்படித்தான எழுதியிருக்குது?"

"ஆமாங்க."

"இதை எழுதுனவ நீதான."

நான் போனை அணைத்தேன்.

"எல்லாமே நீ எழுதுனதுதான? எனக்கு அந்தச் சன்னல்காரி கதையிலயே தெரியும். மறுநாளு படிக்கறப்ப சன்னலக் காணம்." உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். "தண்ணி கொண்டா."

தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மேலே ஓடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சோறு போடலைன்னு எழுதியிருக்கற. போடலதான். ஏன் போடலைன்னு எழுதல."

"எனக்குத் தெரியாதுங்களே."

"உன்ற மாமனாரு அன்னைக்குப் பங்காளிகிட்ட வாய்க்காத் தண்ணிக்குச் சண்டை போட்டுட்டு வந்தாரு. சோத்துக்கு உக்காந்தாரு. கொழம்பு ஆறிப்போச்சுன்னாரு. சுட வெச்சுக் கொண்டாரேன்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள குண்டாவ ஒரே எத்து. வாசல் பூராச் சோறு. கூட்டி அள்ளி மாட்டுக்குப் போட்டுட்டு, குண்டாவக் கழுவிக் கவுத்திப்போட்டுக் கட்டுத்தறிக்குப் போறேன், நீ வார."

எனக்கு மாமனாரின் முகம் நினைவுக்கு வந்தது. ஊரில் எல்லோரும் பூப்போல மனுஷன் என்பார்கள். என்னிடம் ஒரு கடிந்த சொல் பேசியதில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே அத்தை."

"என்னன்னு சொல்றது? சோத்தைக் கால்ல எத்தற மனுசன்னு தெரிஞ்சா வயித்துப் புள்ளையோட நீ உங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவ. என்னைய வஞ்சுட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன்." பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினார். "அன்னைக்கு நானும்தான் திங்கல. அதையும் நீ எழுதல."

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை வருடம் வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கஞ்சி கொடுத்தேன். பவுடர் போட்டேன்.

கதையைத் திருப்பி எழுதினேன். பஸ்ஸில் எழுதினேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன், சாம்பார் கொதிக்கும்போதும் எழுதினேன். முதலில் எழுதியபோது சரசரவென்று வந்த கதை இப்போது அடம்பிடித்தது. கட்டுத்தறியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளின் முகத்தை எழுத வேண்டியிருந்தது. முடித்து அவருக்குப் படித்துக்காட்டினேன். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் திருச்செங்கோட்டிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்தாள். வீட்டுக்காரரும் அன்று வீட்டில் இருந்தார். சாப்பிட்டு முடித்து எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படியில் மீதிக் குழம்பை மாற்றிக்கொண்டிருந்தேன். மாமியார் குரல் கேட்டது.

"உங்கண்ணி கதை எழுதறா. தெரியுமா உனக்கு?"

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

"அண்ணியா? என்ன கதைங்கம்மா?" நாத்தனார் சிரித்தாள். "கூப்புடுங்க, கேப்போம்."

"ஒண்ணுமில்லீங்க, சும்மா" என்றேன். "போன்ல சார்ஜ் வேற இல்ல."

"சார்ஜர் இந்தா இருக்குதே" என்றார் வீட்டுக்காரர். வருடக்கணக்காக வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன் அவர்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சீருடைக் கதையைப் படித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று விரலால் தள்ளித் தேடினேன். "அந்தக் குண்டாக் கதையப் படி" என்றார் மாமியார். நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னேன். அவர் பார்வையை எடுக்கவில்லை. "படி சாமி" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னை அப்படிச் செல்லமாகக் கூப்பிட்டதில்லை.

படித்தேன். போனை இரண்டு கையாலும் பிடித்து மடியில் ஊன்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரி, பஸ், வெயில். நாத்தனார் ஆர்வமாகத்தான் கேட்டாள். மாமனார் குண்டாவை எத்துகிற இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினேன். அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் கட்டிலில் இருப்பவருக்குத் தெரியும். அதையும் படித்தேன்.

"இது எங்கப்பாவா?" என்றாள் நாத்தனார்.

நான் வாயைத் திறக்கும் முன், "ஆமா" என்றார் மாமியார்.

"ஏனுங்கண்ணி, செத்துப்போன மனுசன் மேல உங்களுக்கு என்ன கோவம்? உங்கள ஒரு சொல்லு சொல்லியிருப்பாரா அவரு?"

"அவ மேல ஏன் பாயற? நாந்தான் சொன்னேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல இத்தன வருசமா?"

"நீ அப்பன் செல்லம். உன்னக் கூப்புட்டு வெச்சு நான் எப்படிச் சொல்லுவேன்? எனக்குச் சொல்ல வரல. அவளுக்கு எழுத வந்துச்சு."

நாத்தனார் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். வாசல்வரை பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. எதற்கு இந்த வேலை, யார் எழுதச் சொன்னார்கள் என்று இருந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகும் மறுபடி அந்த மலரோடு கூடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்காரர் வெளியே வந்து பக்கத்தில் நின்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு நான் காட்டு வேலைய முடிச்சுட்டு வாரேன், கோழியெல்லாம் வாசல்ல சோறு பொறுக்கிட்டு இருந்துச்சு. அப்பறம்தான் அம்மா கூட்டுனாங்க."

"தெரிஞ்சுமா எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது?" என்றார். கீழே கிடந்த தென்னை மட்டையை ஓரமாக இழுத்துப் போட்டார். "நெசமாலுமே நீயே எழுதுனதா? நல்லாத்தான் இருக்குது." பிறகு, அடுத்த லோடுக்குப் போக வேண்டும் என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அவர் மேல் கோபம் வந்தது. அம்மாவுக்கும் மகனுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் கேட்டாகிவிட்டது என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது. யாருக்குத் தெரியக்கூடாது என்று பயந்தேனோ அவர்களே உட்கார்ந்து கேட்டுவிட்டார்கள். இனி ஊரில் இருப்பவர்கள் படித்தால்தான் என்ன?

பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பலாமா என்று மாமியாரிடம் கேட்டேன்.

"அனுப்பு, அனுப்பாம இரு. எழுதுனவ நீ. என்ன எதுக்குக் கேக்கற? முதுகு எரியுது, பவுடரப் போடு."

நாத்தனாருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அனுப்பட்டுமா என்று செய்தி போட்டேன். பல நாள் கழித்து, 'அப்பா பேரு வராம பாத்துக்குங்க' என்று பதில் வந்தது. யார் பேரும் வராது என்று எழுதினேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்த சான்றிதழ்களை எடுத்து அடுக்கினேன்.

சில மாதங்கள் கழித்துக் கதை வந்தது. அதற்குள் மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடை போடத் தொடங்கியிருந்தார். நாத்தனாரும் அவரிடம் தினமும் போனில் பேச ஆரம்பித்திருந்தாள், என்னிடம் மட்டும் அளந்துதான் பேசினாள், இன்றைக்கும் அப்படித்தான். பத்திரிகையை நாமக்கல் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கினேன். படம் போட்டவர் மாமியாரைப் பட்டுப்புடவையும் கழுத்து நிறைய நகையுமாக வரைந்திருந்தார். குண்டாவைக் காணவே காணோம். அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "உங்க ஊட்டுக் கதைங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் பயந்ததெல்லாம் இவ்வளவுதானா என்று இருந்தது.

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பத்திரிகையை மடியில் விரித்து முதல் பத்தியைப் படித்தேன். அச்சில் பார்க்கும்போது வேறு யாரோ எழுதியது போல இருந்தது. இரண்டாம் பத்திக்குப் போவதற்குள் கண்ணைச் சுழற்றியது. கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது ஆண்டகளூர் கேட் வந்திருந்தது. என் ஊர் எப்போதோ போய்விட்டது. இறங்கி, ரோட்டைத் தாண்டி, திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கற?" என்றார் மாமியார்.

"பஸ்ஸுலயே தூங்கிட்டேனுங்க அத்தை. கேட்டுக்கு வந்துட்டேன்."

"கதை வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"செரி, மெல்ல வா. சோத்தை வெச்சுட்டேன்."

"வாக்கரப் புடிச்சுட்டா வெச்சீங்க?"

"அதை உட்டா எப்படி நிப்பேன்?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். ரோட்டோரத்தில் உட்கார ஓர் இடமும் இல்லை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பத்திரிகையைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றேன்.